வாசல் விளக்கும் வால் விளக்கும்

பழைய காலத்துக் கூண்டு வண்டிகளைப் பார்த்திருக்கும் நேயர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்கும். இரவு வேளையில் வண்டியின் அடியில், அச்சுக்குக் கீழே, ஓர் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே போகும். வண்டிக்காரனுக்கு வழி காட்டுவதற்காக அந்த விளக்கைக் கட்டவில்லை. வழி மாடுகளுக்குத் தெரியும். வண்டிக்காரனோ பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருப்பான். பின்னால் வருகிறவனுக்கு, "இங்கே ஒரு வண்டி போகிறது, அப்பா! பார்த்து வா!" என்று சொல்வதற்காகவே அது எரிந்தது. தனக்கு உபயோகமில்லாத ஒரு விளக்குக்குத் தன் எண்ணெயைச் செலவழித்த அந்த வண்டிக்காரனைச் சமீபத்தில் நாம் பலமுறை நினைத்துக்கொண்டோம். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

வில்லியனூரில் நாமும் மூன்று நண்பர்களுமாகச் சேர்ந்து ஒரு பழைய வேன் வாங்கினோம். பதிவு அலுவலகத்தில் முறைப்படி அநுமதி பெற்று, அதை ஒரு வீட்டு வண்டியாக மாற்றிக்கொண்டோம். உள்ளே மடக்குக் கட்டில்கள், ஒரு சிறு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, வெளியே வாசற்படிக்கு மேல் ஒரு விளக்கு. குடும்பத்துடன் இராமேசுவரம் போகலாம், வழியில் எங்கே வேண்டுமானாலும் தங்கலாம், ஓட்டல் சாப்பாட்டுக்குக் கும்பிடு போட்டுவிடலாம் என்பது திட்டம்.

மேனாடுகளில் இத்தகைய வண்டிகள் சர்வ சாதாரணம். நம் நாட்டுக்கும் இது முற்றிலும் புதிதன்று. 1982-ஆம் ஆண்டில் ஆந்திர தேசத்தில் என். டி. ராமராவ் ஒரு பழைய செவர்லே வண்டியைச் "சைதன்ய ரத"மாக மாற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றது அநேகருக்கு நினைவிருக்கும். 2021-இல் கேரள அரசாங்கம் வீட்டு வண்டிச் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. ஆகவே நமது ஆசை அப்படி ஒன்றும் விபரீதமான ஆசையல்ல. விபரீதமெல்லாம் விளக்குகளில்தான் இருந்தது.

வண்டியின் வெளிப்புறத்தில் எத்தனை விளக்குகள் இருக்கின்றன என்று நாம் அதுவரையில் எண்ணிப் பார்த்ததில்லை. வால் விளக்கு, பிரேக் விளக்கு, திரும்புவதைக் காட்டும் இண்டிகேட்டர், பின்னோக்கி வரும்போது எரியும் வெள்ளை விளக்கு, நம்பர் பலகை விளக்கு, கூரை மூலைகளில் சிறு விளக்குகள், வாசல் விளக்கு - இவ்வளவும் ஒரு வீட்டு வண்டிக்கு உண்டு. எல்லாம் வெயிலிலும் மழையிலும் கிடப்பவை. நமது பிரதேசத்திலோ கடற்காற்றின் உப்பு வேறு. பாகூர்ப் பக்கத்தில் ஒரு புது ஆணியை வெளியே போட்டுவைத்தால், ஒரு மழைக்காலத்துக்குள் அது சிவந்துவிடும். ஆணிக்கு நேர்வது ஒயர் முனைக்கும் நேரத்தானே செய்யும்?

வலப்பக்கத்து வால் விளக்கு சில சமயம் எரிந்தது. சில சமயம் மங்கியது. ஒரு கடையில் காட்டினோம். பல்பை மாற்றினார்கள், எரிந்தது. மறு வாரம் பழைய கதை. மறுபடியும் பல்பு. மூன்றாம் முறையும் பல்பு. ஒவ்வொரு முறையும் கடைக்காரர் ஸ்விட்சைப் போட்டுக் காட்டி, "பாருங்கள், எரிகிறது" என்றார். நாமும் பார்த்தோம். எரியத்தான் செய்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் மாலை. பாகூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். மழை தூறல், இருள் முந்திக்கொண்டு வந்துவிட்டது. திடீரென்று எதிரே கரும்புக் கட்டுகள் மலைபோல் நின்றன. கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று, பின்னால் பொட்டு வெளிச்சம்கூட இல்லாமல், ஆமை வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தோம். வண்டி நின்றது. "விளக்கில்லாமல் வண்டி ஓட்டுகிறானே, இவனுக்கு மனச்சாட்சி உண்டா?" என்று நாம் வைதுகொண்டிருந்தபோதே, பின்னால் கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்டது.

இறங்கி ஓடினோம். நமது வண்டிக்கு ஒரு முழ தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்தாற்போல் நின்றுகொண்டிருந்தது. ஓட்டிவந்த இளைஞரின் கைகள் நடுங்கின. பின்னால், புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. தெய்வாதீனமாக யாருக்கும் அடி இல்லை. அந்த இளைஞர் நம்மைத் திட்டவில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "சார், பிரேக் போட்டா லைட் எரியணும், உங்க வண்டியில அணையுது!"

நம்ப முடியவில்லை. நண்பரை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தோம். அவர் சொன்னது அக்ஷரம் அக்ஷரமாக உண்மை. மிதிக்காதபோது வலப்பக்கத்து வால் விளக்கு சிவப்பாக எரிந்தது. மிதித்தவுடன் பளிச்சென்று கூடவேண்டிய வெளிச்சம் தணல்போல் மங்கியது. அதோடு, யாரும் போடாத இண்டிகேட்டர் பக்கத்தில் மினுக்கென்று விழித்தது. இடப்பக்கத்து விளக்கு சரியாகவே எரிந்தது. ஆனால் அதன்மேல் நாமே ஒரு சாமான் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். முன்னால் போன கரும்பு வண்டிக்காரனை வைத நம் வாய், அதற்குமேல் திறக்கவில்லை.

மறுநாள் காலை, வில்லியனூரில் மோட்டார் வண்டிகளுக்கு மின்சார வேலை செய்யும் ஒருவர் வந்தார். வந்தவர் நமது பழைய மாணவர். பௌதிகத்தில் அவருக்கு நாம் போட்ட மதிப்பெண்ணை நினைத்தபோது நமக்குச் சற்றே கூச்சமாயிருந்தது. அவர் பல்பைத் தொடவே இல்லை. பாட்டரியின் நெகடிவ் முனையிலிருந்து ஒரு நீண்ட ஒயரை வண்டியின் பின்புறம் வரையில் இழுத்து, அதன் மறு முனையை வலப்பக்க விளக்கின் உலோகக் கூட்டில் தொட்டார். நண்பரைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். விளக்கு பளீரென்று எரிந்தது! ஒயரை எடுத்தார், மங்கியது. வைத்தார், எரிந்தது.

"எர்த் இல்ல சார். போற வழி நல்லா இருக்கு, திரும்புற வழிதான் அடைஞ்சு போச்சு" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் பழைய வண்டிகளின் விளக்குக் கோளாறுகளில் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. ஆகவே இதைச் சற்று விரித்துச் சொல்லுகிறோம்.

பாகூர் ஏரியின் மதகைத் திறந்தால் தண்ணீர் வயலில் பாய்ந்து நின்றுவிடும். அது ஏரிக்குத் திரும்ப வேண்டியதில்லை. மின்சாரத்தின் சுபாவம் அப்படியன்று. பாட்டரியின் ஒரு முனையில் புறப்பட்டால் மறு முனைக்கு வந்து சேர வழி இருந்தால்தான் அது புறப்படவே செய்யும். மோட்டார் வண்டிகளில் போவதற்கு மட்டும் ஒயர் போடுகிறார்கள். திரும்புவதற்கு வண்டியின் இரும்பு உடலையே வழியாக உபயோகிக்கிறார்கள். இதைத்தான் நம் மெக்கானிக்குகள் "பாடி எர்த்" என்பார்கள். ஒயர் மிச்சம் என்பது இதில் லாபம். இரும்பு துருப்பிடித்தால் வழி அடைபடும் என்பது நஷ்டம்.

விளக்கு ஏன் அணைந்தது என்பதைக் கவனியுங்கள். வால் விளக்குப் பல்பினுள் இரண்டு இழைகள் உண்டு. ஒன்று வாலுக்கு, 5 வாட். மற்றொன்று பிரேக்குக்கு, 21 வாட். இரண்டுக்கும் திரும்பும் வழி ஒன்றே. அந்தப் பொது வழி அடைபட்டால், வால் இழைக்குள் வந்த மின்சாரம் பிரேக் இழையின் வழியாகப் பின்னோக்கி ஏறி, பிரேக் ஒயரின் மூலம் இடப்பக்கத்து விளக்குக்குப் போய், அங்கே உள்ள நல்ல எர்த்தில் இறங்கிவிடுகிறது. சுற்று வழிதான், ஆனாலும் வால் விளக்கு ஏறக்குறைய சரியாகவே எரியும். கடைக்காரர் மூன்று தடவையும் காட்டிய வெளிச்சம் இதுதான்! பிரேக்கை மிதித்தவுடன் அந்தக் கொல்லைப்புற வழியிலும் எதிரே 12 வோல்ட் வந்து நிற்கிறது. இரு புறமும் சமமான அழுத்தம் இருந்தால் நடுவில் ஓட்டம் ஏது? வால் இழை அணைந்துவிடுகிறது. பிரேக் இழையின் மின்சாரமோ இண்டிகேட்டர் இழையின் வழியாக வண்டியின் முன்பக்கத்து இண்டிகேட்டர் வரையில் அலைந்து எர்த்தைத் தேடுகிறது. மூன்று இழைகள் 12 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்வதால் ஒன்றுக்கும் முழு வயிறு இல்லை. எல்லாம் தணலாக மின்னுகின்றன.

இதிலிருந்து முதற்பாடம்: விளக்குகளைத் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தால் போதாது, சேர்த்தும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றைப் போட்டால் மற்றொன்று மங்கினாலும், போடாத ஒன்று மினுக்கினாலும், பல்பைக் குறை சொல்லாதீர்கள், எர்த்தைத் தேடுங்கள்.

முழுவதும் அடைபட வேண்டும் என்பதுகூட இல்லை. 21 வாட் விளக்கின் தடை, எரியும்போது, ஏறக்குறைய 7 ஓம். திரும்பும் வழியில் துருவினால் 1 ஓம் தடை சேர்ந்தால், பல்புக்குக் கிடைப்பது 12 வோல்ட் அன்று, சுமார் பத்தரைதான். வோல்ட் எட்டில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சமும் எட்டில் ஒரு பங்குதானே குறையும் என்று நினைக்கக் கூடாது. இழை விளக்குகளில் வெளிச்சம் வெகு வேகமாக விழும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். இந்தக் கணக்குக்கு ஆதாரமான விதியைக் கண்டவர் கொலோன் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் கணிதமும் பௌதிகமும் கற்பித்துவந்த ஜார்ஜ் சைமன் ஓம். 1827-இல் அவர் அதை நூலாக வெளியிட்டார். உபாத்தியாயர் வர்க்கத்துக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு. அந்த விதியை இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சொந்த வண்டியில் மறந்துபோன உபாத்தியாயருக்கு மட்டும் அந்தப் பெருமையில் பங்கில்லை.

நிற்க. நமது பழைய மாணவர் கையாண்ட முறையை நேயர்களும் கையாளலாம். இதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு 12 வோல்ட் பல்பு, அதில் இரண்டு நீண்ட ஒயர்கள், முனையில் கிளிப்பு. இதுவே டெஸ்ட் லாம்ப். சில நூறு ரூபாயில் கிடைக்கும் மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் பாட்டரி. எஞ்சின் ஓடாமல் சற்று நேரம் ஓய்ந்திருக்கும்போது, நிறைந்த பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது என்று பொருள். வீட்டு வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு பாட்டரிகள் இருக்கும்: எஞ்சினுக்கும் சாலை விளக்குகளுக்கும் ஒன்று, வீட்டுப் பகுதிக்கு மற்றொன்று. எந்த விளக்கு எந்த பாட்டரியைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ளாமல் வேலையை ஆரம்பித்தால் பொழுதுதான் வீணாகும்.

இரண்டாவது, பியூஸ். கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இரு புறமும் டெஸ்ட் லாம்ப்பை வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, விளக்கின் ஹோல்டர். டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையை நல்ல எர்த்தில் மாட்டி, மறு முனையை ஹோல்டரில் தொட்டால், மின்சாரம் வந்து சேருகிறதா என்று தெரிந்துவிடும். வந்தும் விளக்கு எரியாவிட்டால் குற்றம் பல்பிலோ எர்த்திலோதான். நான்காவது, நாம் மேலே சொன்ன நீண்ட ஒயர்ப் பரீட்சை. மீட்டர் இருந்தால், விளக்கைப் போட்டபடியே, அதன் உலோகக் கூட்டுக்கும் பாட்டரி நெகடிவுக்கும் இடையே அளக்கலாம். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் குறையில்லை. நமது வண்டியில், வால் விளக்கைப் போட்டுப் பிரேக்கையும் மிதித்தபோது, எட்டுக்கு மேல் காட்டியது.

ஒயரின் நிறத்தை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். பழைய வண்டியில் எத்தனை கைகள் வேலை செய்திருக்குமோ! ஒவ்வொரு கையும் தன்னிடம் கிடைத்த நிறத்து ஒயரைப் போட்டிருக்கும். டெஸ்ட் லாம்ப் சொல்வதே சாட்சி.

எர்த் எங்கே போயிற்று? வேனை வீடாக மாற்றியபோது பின்பக்கத்துத் தகட்டை எடுத்துவிட்டு மரப்பலகை போட்டிருந்தார்கள். எர்த் ஒயரை அந்தப் பலகையில் ஸ்க்ரூவால் இறுக்கியிருந்தார்கள். மரத்துக்கும் மின்சாரத்துக்கும் ஏது உறவு? அந்த ஸ்க்ரூவின் நுனி அப்பால் இருந்த இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்த வரையில் விளக்கு எரிந்தது. நுனி துருப்பிடித்ததும் உறவு அறுந்தது. நமது மாணவர் ஒரு புது ஒயரை நேரே சாஸிஸ் சட்டம் வரைக்கும் கொண்டுபோனார். பெயின்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும் வரையில் தேய்த்து, போல்ட்டால் இறுக்கி, மேலே வாஸலைன் தடவினார். முக்கால் மணி நேரத்து வேலை.

வாசல் விளக்கின் வியாதி வேறு. மழை பெய்தால் அதன் பியூஸ் போகும். முன்பு ஒருவர், "பியூஸுக்குப் பதிலாக ஒரு கம்பியைப் போட்டுவிட்டால் தொந்தரவே இராது" என்று யோசனை சொல்லியிருந்தார். நேயர்களே, இந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். 12 வோல்ட் மனிதனுக்கு அதிர்ச்சி கொடுக்காது என்பது வாஸ்தவம். ஆனால் குறுக்கு வழி கிடைத்தால் பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும்; ஒயர் பழுத்துச் சிவக்கும். வீட்டு வண்டியில் மரப்பலகை, மெத்தை, காஸ் சிலிண்டர் எல்லாம் ஒரே அறையில் இருக்கின்றன. பியூஸ் என்பது வாசற்காவலன். அவன் அடிக்கடி கத்துகிறான் என்று அவனைக் கொன்றுவிட்டுத் திருடனை உள்ளே விடலாமா?

இத்தகைய கோளாற்றைக் கண்டுபிடிக்க ஓர் அழகான உபாயம் இருக்கிறது. பியூஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டெஸ்ட் லாம்ப்பை மாட்ட வேண்டும். உள்ளே குறுக்கு வழி இருக்கும் வரையில் டெஸ்ட் லாம்ப் பிரகாசமாக எரியும். பல்பு நடுவில் இருப்பதால் ஒயர் வேகாது. பிறகு அந்த வழியில் உள்ள விளக்குகளையும் இணைப்புகளையும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். ஒயர்களை ஆங்காங்கே அசைத்துப் பார்க்க வேண்டும். எதைத் தொட்டபோது டெஸ்ட் லாம்ப் அணைகிறதோ, குற்றவாளி அங்கே இருக்கிறான். நமது வண்டியில் வாசல் தலைப்பில் உள்ள தகட்டு ஓட்டையை ஒயர் ரப்பர் வளையமின்றிக் கடந்துபோயிற்று. வண்டியின் குலுக்கலில் ஒயரின் தோல் தேய்ந்து, மழை ஈரம் பட்டதும் தகட்டோடு உறவாடத் தொடங்கியிருக்கிறது. புது ஒயரும் இரண்டு ரூபாய் ரப்பர் வளையமும் போட்டோம். அதன்பின் பியூஸ் போகவில்லை.

இன்னும் சில குறிப்புகள். வேலைக்கு முன்னால் பாட்டரியின் நெகடிவ் முனையை முதலில் கழற்றி, முடிந்தபின் கடைசியில் மாட்ட வேண்டும். சோதனை செய்யும்போது மட்டும் இணைப்பு இருந்தால் போதும். ஒயர்களை வெறுமே முறுக்கி டேப் சுற்றுவது நமது வெயிலுக்குத் தாங்காது. கோந்து உருகி டேப் கழன்றுவிடும். முனையை அழுத்திப் பூட்டியோ பற்றவைத்தோ, மேலே சுருங்கும் குழாய் மாட்ட வேண்டும். பழைய இழை பல்புகளுக்குப் பதிலாக எல்.இ.டி. போட்டால் மின்சாரம் மிச்சம். பிரேக் வெளிச்சமும் சுமார் ஐந்தில் ஒரு விநாடி முன்னதாகவே வந்துவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவனுக்கு அது மூன்று மீட்டருக்கு மேல். அன்று அந்த மோட்டார் சைக்கிளுக்கும் நமது வண்டிக்கும் இருந்த இடைவெளியைப்போல் பல மடங்கு! ஆனால் பழைய வண்டியில் இண்டிகேட்டருக்கு எல்.இ.டி. போட்டால், பாரம் குறைந்ததால் அது படபடவென்று துடிக்கும், அல்லது துடிக்கவே துடிக்காது. அதற்கு ஏற்ற பிளாஷரையும் மாற்ற வேண்டும்.

வேலை முடிந்ததும் நமது மாணவர் சொன்னார்: "பத்தாம் வகுப்புல நீங்க போர்டுல ஒரு வட்டம் போட்டு, மின்சாரம் முழுசா சுத்தி வரணும்னு சொன்னீங்க சார். அந்த வட்டத்துல பாதியைத்தான் எல்லாரும் பார்க்குறாங்க." நாம் ஒன்றும் பதில் சொல்லவில்லை. கேட்ட கூலியைக் கொடுத்தோம். பிறகு, கேட்காமலே, அவரை அடுத்த வாரம் நமது வகுப்புக்கு அந்த டெஸ்ட் லாம்ப்புடன் வரும்படி அழைத்தோம்.

1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள், வண்டியின் பின்னால் சிவப்பு விளக்கும், நம்பர் பலகைக்கு வெள்ளை விளக்கும் எரிய வேண்டும் என்று சொல்லுகின்றன. விதி இருக்கிறது, கரும்புக் காலத்தில் நம் வில்லியனூர், பாகூர் கொம்யூன் சாலைகளில் இருட்டான டிரெய்லர்களும் இருக்கின்றன. டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவே உள்ள பிளக்கை மாட்டினால் எரியக்கூடிய விளக்குகள், மாட்டாததால் எரியாமல் போகின்றன. பிளக் கெட்டிருந்தால், பின்பலகையில் சிவப்புப் பிரதிபலிப்பு அட்டையாவது ஒட்டலாம். அது விளக்குக்கு ஈடாகாது. ஆனால் இருட்டுக்கு மேல்.

1954-ஆம் வருஷம் அக்டோபர் 18-ஆம் தேதி நமது கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவுடன் சேர்வதை ஆதரித்தார்கள். அதற்குப்பின் நம் சாலைக்கு நாமே பொறுப்பு. நமது வால் விளக்கை ஏற்றிவைக்கப் பாரிஸிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

ஆகவே, வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் மாதம் ஒரு மாலை பத்து நிமிஷம் ஒதுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு விளக்காகவும், பிறகு எல்லாவற்றையும் சேர்த்தும் போடட்டும். குழந்தைகள் பின்னால் நின்று பார்த்துச் சொல்லட்டும். அவர்கள் பொய் சொல்லமாட்டார்கள். நமது வீட்டில் இந்த உத்தியோகத்தைக் கடைசிப் பெண் ஏற்றுக்கொண்டிருக்கிறாள். இராமேசுவரத்துக்குப் புறப்பட்ட அன்று விடியற்காலையில், வண்டியின் பின்னால் நின்று, "வலது எரியுது, இடது எரியுது, பிரேக் எரியுது" என்று அவள் உரக்கச் சொல்லிமுடித்த பிறகுதான் வண்டியை எடுத்தோம். மூட்டை இந்தத் தடவை உள்ளே இருந்தது.